மாற்றம் செய்தவர் கையொப்பம்

நான் ஆய்வகத்தில் இருக்கும்போது அக்கா போன் செய்ய மாட்டாள். வேலை நேரத்தில் நான் எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, மாதிரி பாட்டில்கள் வைக்கும் அறைக்குள் போய் எடுத்தேன்.

"ஏய் மௌனச்சாமி, வேலையா இருக்கியா?"

"ம்."

"ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை காலைல லீவு போடு. வண்டி ஆபீஸ்ல நீ ஒரு கையெழுத்து போடணும்."

"எதுக்கு?"

"குண்டுக்குத்தான்."

குண்டு என்பது எங்கள் வண்டி. வயிறு புடைத்த வெள்ளை வேன். நான்தான் பெயர் வைத்தேன்.

"குண்டுக்கு என்ன?"

"ஆள் வந்தாச்சுடி. நல்ல ஆளு. ரிட்டயர்டு பஸ் டிரைவர். அட்வான்ஸும் வாங்கிட்டேன்."

"எதுக்கு ஆள்?"

"எதுக்குன்னா? வாங்கறதுக்கு."

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் கதவில் ஒட்டியிருந்த வெப்பநிலைத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு டிகிரி. சரியாக இருந்தது.

"சரி, சாயங்காலம் வீட்ல பேசிக்கலாம்னு சொல்றியா? சரி, பேசிக்கலாம்" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். என் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வது சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

குண்டு முதலில் ஒரு சலவை நிலையத்துக்கு ஓடியது. ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய், துவைத்துத் திரும்பக் கொடுக்கும் வண்டி. வாங்கிப் பல மாதமாகியும் உள்ளே சோப்பும் ஈரத்துணியும் சேர்ந்த வாசம் போகவில்லை. பாதிப் பணம் அவளுடையது, பாதி என்னுடையது. அவளுக்கு ஓட்டத் தெரியும். எனக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியும். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று அம்மா போனில் சிரித்தாள்.

வண்டி எதற்கு என்றால், ஆற்றுக்கு. எங்கள் ஆய்வகத்துக்கு வாரம் ஒரு முறை ஆற்றுத் தண்ணீர் வரும். ஒரு லிட்டர் பாட்டில், மேலே தேதி, இடம். கலங்கலைப் பார்த்து, உப்பைப் பார்த்து, கிருமியை எண்ணிக் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை. படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆற்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது தொடங்கும் இடத்தை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கடலில் சேரும் இடத்திலிருந்து கரையோடு கரையாக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், நிற்கும் இடத்தில் எல்லாம் தண்ணீர் எடுத்து அங்கேயே பார்க்க வேண்டும், கடைசியில் அது ஊறி வரும் இடத்தில் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"போலாமே" என்றாள். "ஒரு வேன் வாங்கி உள்ளயே சமைச்சு, உள்ளயே தூங்கி. நான் ஓட்டறேன், நீ பாட்டிலைத் தூக்கிட்டு ஓடு."

வண்டி என்ற பேச்சை எடுத்தது அவள்தான்.

வண்டியை வாங்கிப் பேர் மாற்றும் நாளன்று நானும் கூடப் போனேன். அந்த அலுவலகத்தில் பெரிய ஹால், நிறைய பெஞ்சு, சுவரோரம் வரிசையாக ஜன்னல்கள். நான் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் பேச வேண்டும் என்றால் எனக்கு முதல் நாள் ராத்திரியே தூக்கம் வராது. பள்ளியில், பாங்கில், டாக்டரிடத்தில், எங்கும் அக்காதான் பேசுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அவளைப் பார்த்துச் சொல்வாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அக்கா பதிவுப் பத்திரத்தை விசிறியபடி வந்தாள்.

"ஒரு பேர்தான் போட முடியுமாம். லைசென்ஸ் இருக்கேன்னு என் பேரைக் கொடுத்துட்டேன். யார் பேர்ல இருந்தா என்ன?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் பேரில் இருப்பது என் பேரில் இருப்பது மாதிரிதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் குண்டுக்குள் கழிந்தன. நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்பக்கம் அது நின்றது. தகரத்தின் மேல் பஞ்சு வைத்தேன், பஞ்சின் மேல் பலகை. கட்டில், அதன் அடியில் தண்ணீர் டாங்க். சின்னத் தொட்டி, சின்ன அடுப்பு. கூரையில் ஒரு சதுரம் வெட்டித் திறப்பு வைத்தேன். மழை பெய்த முதல் இரவு எழுந்து போய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை. ஒரு பக்கம் பாரம் கூடினால் வண்டி சாய்ந்து ஓடும் என்பதால், பொருத்தும் ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். ஆரம்பத்தில் அக்காவும் சுத்தியலைப் பிடித்தாள். பிறகு டீ கொண்டு வந்து படியில் உட்கார்ந்து, "மேஸ்திரி, இந்தப் பக்கம் கொஞ்சம் கோணல்" என்று கேலி செய்வாள். பிறகு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க ஒருவர் வந்துவிட்டார். நான் தனியாகச் செய்தேன். எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, அனுமதியும் வந்திருந்தது. அவரோடு நடக்கவிருந்த தன் கல்யாணத்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்குள் போய்விட்டு வந்துவிடுவோம்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கோவமா வந்திருக்க. தெரியும். முதல்ல உக்காரு."

உட்கார்ந்தேன்.

"அவருக்கு ஒரு வீடு அமைஞ்சிருக்கு. ரெண்டு ரூம், நல்ல வெளிச்சம். இந்த மாசமே முன்பணம் கட்டணும். இல்லன்னா கை நழுவிப் போயிடும். கல்யாணத்தையும் முன்னாடி வெச்சிடலாம்னு அவங்க வீட்ல சொல்றாங்க. பணத்துக்கு நான் எங்க போவேன் சொல்லு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இப்ப சொல்றேன்ல?"

"அட்வான்ஸ் வாங்கிட்டு."

"அடேங்கப்பா, பேச்சு வருதே!" என்று சிரித்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "உன் பங்கை நான் முழுங்கிடுவேனா? கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன். அதை வெச்சு நீ வேற வண்டி வாங்கிக்கலாம். இதைவிட நல்லதா."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"கத்துக்கோ."

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சு."

"லீவு தானே, வேண்டாம்னு ஒரு லெட்டர் கொடுத்தா முடிஞ்சுது."

"அந்த லெட்டரை நீதானே திருத்திக் கொடுத்த?"

"ஆமா. தப்புத் தப்பா எழுதியிருந்த" என்று சொல்லிவிட்டு வாணலியை அடுப்பில் வைத்தாள்.

அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். விடுப்புக் கடிதத்தை அவள் போன மாதம் திருத்தினாள். பஸ் டிரைவர் அதற்கு முன்பே வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் ஆய்வகத்தில் இருந்த ஒரு நாளில் வந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். பத்திரத்தில் குண்டு இன்னும் சரக்கு வண்டி. உள்ளே கட்டில் போட்டால் மட்டும் அது தங்கிப் பயணம் செய்யும் கேம்பர் வண்டி ஆகிவிடாது. முதலில் அதன் வகையை மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் பேரை மாற்ற முடியும். வகையை மாற்ற, உள்ளே வேலை செய்தவரே நேரில் வந்து, வரைபடமும் எடைக் கணக்கும் கொடுத்து, கேஸ் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்கா ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். "ஒயரு எங்கேர்ந்து எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது, பத்திக்கிச்சுன்னா நானா உள்ள போறது?" என்று அவர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் எனக்குப் போன் வந்தது. இல்லையென்றால் குண்டு போன பிறகுதான் வந்திருக்கும்.

ராத்திரி அம்மா கூப்பிட்டாள்.

"அவ பெரியவ. யோசிக்காமச் செய்ய மாட்டா. விட்டுக் கொடுத்தவங்க கெட்டுப் போனதில்லடா கண்ணு."

"சரிம்மா."

"கோவமா இருக்கியா?"

"இல்லம்மா."

ஒரு வாழ்க்கை ஆரம்பிப்பது ஒரு ஆற்றைவிடப் பெரியது என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. கேட்காமல் செய்துவிட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டு செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "கையெழுத்து போடறேன்" என்றேன். அவள் வந்து என் தலையில் முட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்கள் வந்தார்கள். பஸ் டிரைவர் உயரமான மனிதர். வண்டிக்குள் குனிந்தே நின்றார். அவர் மனைவி குட்டையானவர், நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்.

"ஆயுசு பூரா ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஏத்திட்டுப் போனாரு" என்றார் என்னிடம். "என்னை ஒரு தடவை ஏத்தினதில்ல. ஸ்டாப்ல நின்னு கை காட்டினாக்கூட, ஃபுல்லுன்னு போயிடுவாரு."

"நெஜமாவே ஃபுல்லா இருந்துச்சு" என்றார் டிரைவர்.

"முப்பது வருஷமாவா ஃபுல்லு?"

நான் சிரித்துவிட்டேன். டிரைவர் கட்டிலைத் தட்டிப் பார்த்தார்.

"பேப்பர் சுத்தமா இருந்தாதான்மா நான் தொடுவேன். சரக்கு வண்டின்னு பத்திரத்துல இருக்கும், உள்ள நாங்க ரெண்டு பேரும் தூங்கிட்டு இருப்போம். எவனாவது வந்து இடிச்சான்னா இன்சூரன்ஸ்காரன் எங்களையும் சரக்குன்னு எழுதிடுவான்."

அவர்கள் ஜன்னல்களை அளந்துகொண்டு போனார்கள். திரைத்துணிக்காம். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலை பாக்கி இருந்தது; டிரைவரின் மனைவியிடமும் அதைச் சொல்லியிருந்தேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக்கொள்ளும். அது வெளியே வழிந்து போக, சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குள் தரையில் ஒரு துளை வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன். அன்று மத்தியானம் தகரத்தில் வட்டம் வரைந்து துளை போட்டேன், விளிம்பை அரத்தால் தேய்த்தேன், துரு ஏறாமல் பெயின்ட் அடித்தேன், எலி நுழையாதபடி கம்பி வலை வைத்தேன். குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். அழுகை வந்தது. வேலை முடியும்வரை அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அக்காதான் குண்டை ஓட்டினாள். எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கினோம். நான் வீட்டில் எழுதி வைத்திருந்த கணக்குக்கும் மேடைக்கும் அதிக வித்தியாசமில்லை. "என் தங்கச்சி விஞ்ஞானியாக்கும்" என்று எடை போடுகிறவரிடம் சொன்னாள். வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தாள்.

டிரைவரும் அவர் மனைவியும் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் ஒரு துணிப்பை. நீலப் பூப்போட்ட துணி எட்டிப் பார்த்தது.

இந்த முறை நான் பெஞ்சில் உட்கார முடியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். என் வரைபடத்தைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது?"

"இவதான் மேடம்" என்றாள் அக்கா.

"அவங்களே சொல்லட்டும். யாரும்மா வரைஞ்சது?"

"நான்."

"தெளிவா இருக்கு. இங்க வர்றதெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். சாமான் வாங்கின பில்?"

உறையைக் கொடுத்தேன். பலகை, ஒயர், தொட்டி, அடுப்பு, பைப். எல்லாவற்றையும் தேதிவாரியாக வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி முத்திரை குத்தினார். பிறகு பதிவுப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பில் எல்லாம் உங்க பேர்ல. வண்டி மட்டும் இவங்க பேர்லயா? நீங்க காசு வாங்கிட்டு வேலை செஞ்சு கொடுக்கறவங்களா?"

"இல்ல மேடம், சொந்தத் தங்கச்சி" என்றாள் அக்கா. "வண்டியே ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினதுதான்."

"அப்ப ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கலாமேம்மா. விக்கறப்போ இவ்வளவு இழுபறி இருக்காதே."

நான் ஜன்னலுக்குக் குனிந்தேன்.

"ஒரு பேர்தான் போட முடியும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வேற ஜன்னல்ல..." என்றாள்.

"பேர் மாத்தறதுக்கு இருக்கறதே இந்த ஒரு ஜன்னல்தான்" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிற குரல். "நானே கேப்பேன், இன்னொரு பேர் சேர்க்கணுமான்னு. புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பி எல்லாரும் சேர்த்துட்டுப் போறாங்க. வேண்டாம்னு சொன்னாதான் விடுவேன். சரி, இந்த இடத்துல கையெழுத்து போடுங்க. மாற்றம் செய்தவர்னு இருக்கு பாருங்க."

இருந்தது. கட்டத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் நின்றவர் உடனே முன்னால் வந்துவிட்டார்.

நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே போய் நின்றேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"என்னடி பண்ற? அவங்க உக்காந்திருக்காங்க. போட்டுட்டு வா, வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"இன்னொரு பேர் சேர்க்கணுமான்னு கேட்டாங்களா?"

"எப்ப?"

"வாங்கின அன்னிக்கு."

இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அடுத்ததைத் துப்பியது.

"கேட்டாங்க" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேன். இப்ப அதுக்கு என்ன? உன் பேரும் இருந்தா எதுக்கெடுத்தாலும் நீயும் வந்து நிக்கணும். நீ எந்த ஆபீஸ்ல வந்து வாயைத் திறப்ப? உனக்கு நல்லதுன்னுதான்..."

"என்னைக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! சரின்னுதானே சொல்லியிருப்ப? அப்புறம் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

"முடியாதாம்னு ஏன் சொன்ன?"

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அன்னிக்கே விக்கணும்னு இருந்தியா?"

"சீ, விக்கணும்னு யாரு நெனச்சா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தங்கரைல ஆறு மாசம் டேரா போடறதெல்லாம் நடக்கற கதையா? நீயே சொல்லு. அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆனா நீ சந்தோஷமா இருந்த. ஞாயித்துக்கிழமைல போர்வையை இழுத்து மூடிட்டுக் கிடக்காம வெளிய வந்த. வேர்க்க விறுவிறுக்க ஏதோ செஞ்ச. பாக்க எனக்கும் நல்லா இருந்துச்சு. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கள்ளம் இல்லை. தங்கள் வேலை நடக்கட்டும் என்று குழந்தைக்கு மணலும் வாளியும் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறவர்களின் முகம் அது. நான் நிறுத்துப் பார்த்த பலகைகள், மழையில் டார்ச்சோடு போய் நின்றது, ஊற்றுத் தண்ணீருக்கு என்று தனியாகக் கழுவி வைத்த பாட்டில், எல்லாம் அவளுக்கு மணல். படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியை இல்லை.

வண்டியை விற்க ஏற்பாடு செய்ததைக் கூட நான் மன்னித்திருந்தேன்.

திரும்பப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"கையெழுத்து ஆச்சா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்ல மேடம். ரெண்டாவது பேர் இப்ப சேர்க்க முடியுமா?"

"எப்ப வேணும்னாலும் சேர்க்கலாம். இப்ப இருக்கற ஓனர் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டா போதும்." இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "விக்கப் போற வண்டிக்கா?"

படிவத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அக்கா சந்திலேயே நின்றிருந்தாள். போனில் யாரிடமோ, "ஆயிடும், ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். படிவத்தை நீட்டினேன்.

"இதுல நீ முதல்ல போடு."

படித்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இதைப் போட்டா அதுல போடுவியா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? விக்கவே விட மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவ."

"சொன்னாலும் சொல்லுவேன்."

"என்னடி பேசற நீ? அவருக்கு நான் என்ன பதில் சொல்றது? அம்மாகிட்ட என்ன சொல்றது? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? நாய் மாதிரி உனக்காக எல்லா இடத்துலயும் நான்தானே போய் நின்னேன். உன் காலேஜ் சீட்டு, உன் வேலை அப்ளிகேஷன், உன் பல்லு புடுங்கறதுக்குக்கூட. என்னை நம்பலியா நீ?"

அவள் கண் கலங்கியிருந்தது. இந்த முறை வெங்காயம் இல்லை. அவள் சொன்னது எல்லாமே உண்மை. எல்லா இடத்திலும் அவள்தான் நின்றாள். அங்கெல்லாம் என்ன சொன்னாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"நம்பலக்கா" என்றேன்.

அவள் படிவத்தைக் கையிலேயே பிடித்திருந்தாள். நான் ஏதாவது சேர்த்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போல. பிறகு படிவத்தை நகல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிரைவரையும் அவர் மனைவியையும் பார்க்காமலே வெளியே போய்விட்டாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு, அவர்களிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் கையெழுத்து போடலை" என்றேன். "வண்டில பாதி என்னுது. பத்திரத்துல இல்ல. அக்கா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடுவா."

டிரைவர் எழுந்து நின்றார். கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. உள்ள உக்காந்து அவ்வளவு நேரம் பேசினோமே."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "கேஸுக்கு ஏதோ ஓட்டை போடணும்னு சொன்னியே, போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேன்."

"எங்களுக்காகவா போட்ட?"

"ஆமா."

"ம்" என்றார். துணியைப் பைக்குள் நன்றாகத் தள்ளி மூடினார். "இவருக்கு இன்னும் யோகம் வரலை. எனக்கும்தான். வீட்டு ஜன்னலுக்குத் தச்சுப் போட்டுக்கறேன், துணி வீணாப் போகாது. நீ போம்மா."

வெளியே வெயில். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் குண்டு இன்னும் நின்றது. அக்கா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்துக் கதவை எனக்காகத் திறந்து வைத்திருந்தாள். முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி, மதிலோரமாக நடந்து, தெருவைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். இரண்டு தாள்களும் கையில் இருந்தன. இரண்டிலும் கையெழுத்து இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குண்டு வெளியே வந்தது. பஸ் நிறுத்தத்தின் முன்னால் வேகத்தடை. ஏறி இறங்கும்போது பின்ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டுகள் வைத்திருந்த மேல் அலமாரியின் கதவு திறந்து கிடந்து இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி எடுக்கும் முன்னால் அதன் கொக்கியை மாட்ட வேண்டும். நான் மாட்டிவிடுவேன் என்பதால் அவளுக்கு அது தெரியாது. அடுத்த திருப்பத்தில் எல்லாம் கீழே விழும்.

சிக்னலில் சிவப்பு. குண்டு நின்றது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.